பெக்கி ஹாமன் ரஷ்யாவுக்கு ஆடியது எப்படி? கூடைப்பந்தில் பாஸ்போர்ட் செய்யும் வேலை

பெக்கி ஹாமன் அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்தின் பெரிய பெயர்களில் ஒன்று. லாஸ் வேகாஸ் ஏசஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளராக 2022, 2023, 2025 என மூன்று முறை, அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் கோப்பையை வென்றவர். 2023இல் கூடைப்பந்துச் சாதனையாளர்களுக்கான நெய்ஸ்மித் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர். பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் அமெரிக்காவில். ஆனால் ஒலிம்பிக் பதிவேட்டைத் திறந்தால் அவர் பெயருக்கு நேரே இருப்பது 2008 பெய்ஜிங் வெண்கலம், நாடு ரஷ்யா.

அவருக்கு ரஷ்ய ரத்த உறவு கிடையாது. ரஷ்யாவில் நிரந்தரமாகக் குடியிருந்ததும் இல்லை. அமெரிக்கக் குடியுரிமையை விட்டுக்கொடுக்கவும் இல்லை. பிறகு எப்படி ரஷ்யாவின் சீருடை அணிந்தார்? இதே கேள்வி, ஹங்கேரி அணியிலும் செர்பிய அணியிலும் அமெரிக்கப் பெயர்களைப் பார்க்கும் ரசிகர்களுக்கு ஒவ்வொரு ஐரோப்பியப் போட்டியின்போதும் வருகிறது. தேசபக்தி, துரோகம் என்ற சொற்களை ஒதுக்கி வைத்துவிட்டு விதிகளையும் சம்பளத்தையும் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

ஆள் யார்

ஹாமன் 1977இல் சவுத் டகோட்டா மாநிலத்தின் ரேப்பிட் சிட்டியில் பிறந்தார். உயரம் 168 செ.மீ.; இந்த விளையாட்டில் இது குள்ளம். ஆடும் இடம் பாயின்ட் கார்டு, அதாவது பந்தை மேலே கொண்டுவந்து, யார் எங்கே ஓட வேண்டும் என்று தீர்மானிப்பவர்.

கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக 1995 முதல் 1999 வரை ஆடி 2,740 புள்ளிகள் எடுத்தார். அப்படியிருந்தும், அணிகள் முறை வைத்துப் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1999இல் எந்த டபிள்யூ.என்.பி.ஏ. அணியும் அவரை எடுக்கவில்லை. உயரம் ஒரு காரணம் என்றால், நேரம் இன்னொரு காரணம். போட்டி லீக்காக இருந்த அமெரிக்கன் பாஸ்கெட்பால் லீக் 1998 டிசம்பரில் கடையை மூடியது. அதில் ஆடிய அனுபவசாலிகள் மொத்தமாக இந்த டிராஃப்டுக்குள் வந்து விழுந்தார்கள். கல்லூரியிலிருந்து வந்த பலருக்கு இடமே இல்லாமல் போயிற்று.

பிறகு நியூயார்க் லிபர்ட்டி அவரை எடுத்துக்கொண்டது. உதிரி ஆட்டக்காரராகத் தொடங்கி, மெல்ல முதல் ஐவரில் ஒருவரானார். 2003இல் முழங்கால் தசைநார் கிழிந்தது, தேறி வந்தார். 2007இல் சான் அன்டோனியோ சில்வர் ஸ்டார்ஸுக்கு மாற்றப்பட்டார். அந்த ஆண்டு லீக்கின் மிகச் சிறந்த வீராங்கனை விருதுக்கான வாக்கெடுப்பில் லாரன் ஜாக்சனுக்கு அடுத்து இரண்டாம் இடம். கதையின் திருப்பம் இந்த ஆண்டில்தான்.

மூன்று கதவுகள், மூன்று சாவிகள்

குழப்பத்துக்கு வேர் ஒன்றுதான். "எந்த நாட்டு வீராங்கனை?" என்ற ஒரே கேள்விக்கு மூன்று வெவ்வேறு அதிகாரங்கள் மூன்று வெவ்வேறு பதில்களைச் சொல்லலாம்.

1. அரசு. குடியுரிமை கொடுப்பது அரசு. ஒரு நாடு, விரும்பினால், விளையாட்டுக்காகவே ஒருவருக்கு விரைவாகக் குடியுரிமை தரலாம். அமெரிக்கச் சட்டப்படி, வேறு நாட்டுக் குடியுரிமை பெறுவதால் மட்டும் அமெரிக்கக் குடியுரிமை போய்விடாது. விட்டுவிடும் நோக்கம் இருந்தால்தான் போகும்.

2. லீக். கிளப் போட்டிகளில் யார் "உள்நாட்டவர்", யார் "வெளிநாட்டவர்", யார் "ஐரோப்பியர்" என்று லீக் தீர்மானிக்கும். இங்கே பார்க்கப்படுவது கையில் இருக்கும் பாஸ்போர்ட்.

3. ஃபிபா. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு. தேசிய அணியில் ஆடத் தகுதி உண்டா என்பதை இது முடிவு செய்யும். பாஸ்போர்ட் இருந்தால் மட்டும் போதாது. அது எந்த வயதில் கைக்கு வந்தது, அதற்கு முன் யாருக்காக ஆடினார் என்பதும் வேண்டும்.

இரண்டாவது கதவையும் மூன்றாவது கதவையும் ஒன்றென்று எண்ணுவதுதான் வழக்கமான தவறு. அமெரிக்க நட்சத்திரம் சூ பர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா வழியில் யூதர் என்பதால் இஸ்ரேல் குடியுரிமை பெற்றார். இஸ்ரேல் கூடைப்பந்தில் ஐரோப்பியப் பிரிவில் இருப்பதால் ஐரோப்பிய கிளப் போட்டிகளில் அவர் "ஐரோப்பியர்" ஆனார். இன்னொரு அமெரிக்க நட்சத்திரமான டயானா டவ்ராசியிடம் அப்பா வழியில் இத்தாலியப் பாஸ்போர்ட். இருவரும் தேசிய அணி என்று வந்தால் அமெரிக்காவுக்கு மட்டுமே ஆடினார்கள். பர்ட் 5 ஒலிம்பிக் தங்கம், டவ்ராசி 6. அவர்களின் இரண்டாவது பாஸ்போர்ட் திறந்தது கிளப் கதவை மட்டும். அதை யாரும் துரோகம் என்று சொன்னதில்லை.

ஒரு பாஸ்போர்ட்டின் சந்தை மதிப்பு

டபிள்யூ.என்.பி.ஏ. கோடைகால லீக். ஐரோப்பிய கிளப் பருவமோ அக்டோபரில் தொடங்கி வசந்தம் வரை ஓடும். இரண்டும் பெரிதாக மோதாததால் ஒரு வீராங்கனை ஆண்டு முழுவதும் இரண்டு இடத்திலும் ஆடலாம். 2008 வாக்கில் டபிள்யூ.என்.பி.ஏ.வின் உச்சபட்ச ஆண்டுச் சம்பளமே 1 லட்சம் டாலரைத் தொடவில்லை. ரஷ்யாவின் பணக்கார கிளப்புகள் அதைப் போலப் பல மடங்கு கொடுத்தன. டவ்ராசியின் விஷயத்தில் இது எங்கே போய் முடிந்தது தெரியுமா? ரஷ்யாவின் யு.எம்.எம்.சி. எகடெரின்பர்க், 2015 கோடையில் டபிள்யூ.என்.பி.ஏ.வில் ஆடாமல் ஓய்வெடுப்பதற்காகவே அவருக்குப் பணம் கொடுத்தது. அவரும் அந்தப் பருவம் ஆடவில்லை.

இனி பாஸ்போர்ட் கணக்கு. ஒரு லீக்கில் கிளப்புக்கு இரண்டு வெளிநாட்டவர் என்று வரம்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

— அமெரிக்கர் மூவரை எடுத்தால் ஒருவர் பெஞ்சில் உட்கார வேண்டும். அந்த மூன்றாவது ஆளுக்குச் சந்தையே இல்லை.

— மூவரில் ஒருவரிடம் உள்நாட்டுப் பாஸ்போர்ட் வந்துவிட்டால் மூவரும் ஒரே நேரத்தில் களத்தில் நிற்கலாம்.

— ஆகவே கிளப், அந்த ஒருவரின் ஆட்டத்துக்கும் சேர்த்து, காலியாகும் வெளிநாட்டு இடத்துக்கும் விலை கொடுக்கிறது.

அதே கை, அதே பந்து. ஆனால் பாஸ்போர்ட் மாறினால் சம்பளம் மாறும். ஹாமன் அப்போது மாஸ்கோவின் சிஸ்கா கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தார். 2008இல் ரஷ்யக் குடியுரிமை கிடைத்தது, கிளப் ஒப்பந்தம் நீண்டது, தொகையும் உயர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 20 லட்சம் டாலர் என்று அமெரிக்க ஊடகங்கள் எழுதின. தேசிய அணியில் ஆடுவது இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. 30 வயது தாண்டிய, ஒரு முழங்கால் அறுவையைக் கண்ட பாயின்ட் கார்டுக்கு அது எத்தகைய தொகை என்பதை அவருடைய அமெரிக்கச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் புரியும்.

இரண்டு பிறந்தநாள்கள்: 16, 17

ஃபிபாவின் தகுதி விதிகள் பக்கம் பக்கமாக நீளும். தேவையானவை இவ்வளவுதான்:

1. ஆடும் நாட்டின் சட்டபூர்வக் குடியுரிமை இருக்க வேண்டும். இரண்டு குடியுரிமை உள்ளவர் எந்த வயதிலும் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

2. 16 வயது நிறைந்த பிறகு குடியுரிமை பெற்றவர் ஒரு அணியில் ஒருவர்தான் இருக்கலாம். 12 பேர் பட்டியலில் ஒரே ஒரு இடம். இதை இனி "ஒற்றை இடம்" என்று சொல்லிக்கொள்வோம்.

3. பிறப்பால் உரிமை இருந்தும் 16 வயதுக்குள் பாஸ்போர்ட் எடுக்காமல் விட்டவரும் ஒற்றை இடத்துக்குள்தான் வருவார். அந்த நாட்டில் எத்தனை ஆண்டு வாழ்ந்தார், அங்கே எத்தனை பருவம் ஆடினார் என்பவற்றைப் பார்த்து ஃபிபா தலைமைச் செயலர் விலக்கு அளிக்கலாம்.

4. 17 வயதுக்குப் பிறகு ஃபிபாவின் முக்கிய அதிகாரப்பூர்வப் போட்டியில் ஒரு நாட்டுக்காக ஆடிவிட்டால் தேர்வு முடிந்தது. அதன் பின் வேறு நாட்டுக்கு மாற, விதிவிலக்காகத் தலைமைச் செயலரின் அனுமதி வேண்டும். பிறந்த பூர்வீக நாட்டில் கூடைப்பந்து வளர உதவும் என்பது போன்ற காரணங்களுக்கே அது கிடைக்கும்.

மூன்றாவது விதியில் சிக்கி ஏமாந்தவர்கள் அதிகம். அம்மா போலந்துக்காரர், பாட்டி கிரேக்கர் என்று இருபது வயதில் நினைவு வந்து பாஸ்போர்ட் வாங்குபவர், தன்னைப் பூர்வீகக் குடிமகளாக நினைத்துக்கொள்வார். ஃபிபா அவரையும், எந்த உறவும் இல்லாமல் வந்த ஆளையும் ஒரே வரிசையில் நிறுத்தும். மாறாக, நியூயார்க்கில் பிறந்தும் ஜெர்மன் அம்மாவிடம் பெர்லினில் வளர்ந்த சாத்து சபாலி ஜெர்மனிக்கு ஆடும்போது ஒற்றை இடம் செலவாகாது.

ஒலிம்பிக்குக்கு இன்னொரு வேலி உண்டு. ஒலிம்பிக் சாசனப்படி, ஒரு நாட்டுக்காக ஆடியவர் நாடு மாறினால் பொதுவாக மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். சம்பந்தப்பட்டவர்கள் ஒத்துக்கொண்டால் குறைக்கலாம்.

ஹாமனை இந்த விதிகளில் பொருத்திப் பாருங்கள். குடியுரிமை கிடைத்தது 30 தாண்டிய பிறகு, எனவே ஒற்றை இடம். அமெரிக்காவின் முதன்மை (சீனியர்) அணிக்காக உலகக் கோப்பையோ ஒலிம்பிக்கோ ஆடியதில்லை, எனவே நான்காவது விதி அவரைக் கட்டவில்லை. ஒலிம்பிக் காத்திருப்பும் இல்லை. அமெரிக்கா அவரை ஒருமுறையாவது கூப்பிட்டு அத்தகைய போட்டியில் களமிறக்கியிருந்தால், ரஷ்யா எவ்வளவு பணத்தைக் கொட்டினாலும் கதவு திறந்திருக்காது.

அமெரிக்கா ஏன் கூப்பிடவில்லை

அமெரிக்க அணித் தேர்வு ஒரே நாளில் நடக்கும் தேர்வு அல்ல. ஒலிம்பிக்குக்கு ஓரிரு ஆண்டுகள் முன்பே இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்ட ஒரு குழுவை அறிவிப்பார்கள், முகாம்கள் நடக்கும், கடைசியில் 12 பேர். 2007இல் அறிவித்த தொடக்கப் பட்டியலில் ஹாமன் இல்லை. லீக்கின் சிறந்த வீராங்கனை வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பெற்ற அதே ஆண்டு இது.

பெய்ஜிங் சென்ற கார்டுகளை, அதாவது ஹாமனைப் போல வெளிவட்டத்தில் பந்தைக் கையாளும் ஆட்டக்காரர்களை, பார்த்தால் நெருக்கடி தெரியும்: சூ பர்ட், கேட்டி ஸ்மித், கேரா லாசன், கேப்பி பாண்டெக்ஸ்டர், டயானா டவ்ராசி. பாண்டெக்ஸ்டரும் டவ்ராசியும் 2007 சாம்பியன் பீனிக்ஸ் மெர்குரியின் ஆட்டக்காரர்கள். ஆட்டத் திறனை மட்டும் வைத்துப் பார்த்தால் ஹாமனுக்கு இடம் கொடுத்திருக்கலாம் என்பதே என் கணிப்பு. ஆனால் ஏற்கெனவே கூடிப் பழகிய குழுவுக்குள் 30 வயதில் புதிதாக நுழைவது அந்த முறையில் ஏறக்குறைய முடியாத காரியம். பிறகு, ரஷ்யச் செய்தி பரவிய நேரத்தில், அமெரிக்க முகாமுக்கு அழைப்பு வந்தது. அவர் போகவில்லை.

அமெரிக்கப் பயிற்சியாளர் ஆன் டோனவன் அவரைத் தேசபக்தி இல்லாதவர் என்று வெளிப்படையாகவே விமர்சித்தார். அந்தக் கடுமைக்குப் பின்னால் ஒரு காயம் இருந்தது. 2006இல் சாவோ பாவ்லோ உலகச் சாம்பியன்ஷிப் அரையிறுதியில் ரஷ்யா 75–68 என்று அமெரிக்காவை வீழ்த்தியிருந்தது. அந்த அமெரிக்க அணியின் பயிற்சியாளரும் டோனவன்தான். இப்போது அதே ரஷ்யா, தன் அணியின் ஒரே ஓட்டையை அமெரிக்கரை வைத்தே அடைக்கிறது.

ரஷ்யாவுக்கு ஏன் பாயின்ட் கார்டு தேவைப்பட்டது

ரஷ்யாவிடம் உயரத்துக்குப் பஞ்சமே இல்லை. சென்டர், அதாவது கூடைக்கு அருகே ஆடும் உயரமான ஆட்டக்காரர், மரியா ஸ்தெபனோவா 2 மீட்டரைத் தாண்டியவர். வலதும் இடதும் ஆட இலோனா கோர்ஸ்டின், ஸ்வெத்லானா அப்ரோசிமோவா போன்றவர்கள். குறை, நெருக்கிப் பிடிக்கும் தடுப்பு ஆட்டத்துக்கு எதிரே பந்தைப் பறிகொடுக்காமல் மேலே கொண்டுவரும் ஆளில். ஆண்கள் அணியில் ரஷ்யா இதே மருந்தை ஏற்கெனவே பரிசோதித்திருந்தது. அமெரிக்கரான ஜே.ஆர். ஹோல்டனுக்கு 2003இல் குடியுரிமை கொடுத்தார்கள். ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பான யூரோபாஸ்கெட்டின் 2007 இறுதியில் ஸ்பெயினுக்கு எதிராக 60–59 வெற்றியைத் தந்த கடைசிக் கூடை அவருடையது.

ஒற்றை இடத்தை நாடுகள் பெரும்பாலும் இரண்டே வகையினருக்குத்தான் செலவழிக்கின்றன: பாயின்ட் கார்டு, அல்லது சென்டர். காரணம் எளிது. நடுத்தர உயரத்தில் ஓடி எறியும் ஆட்டக்காரர்களை எந்த நாடும் தன் லீக்கிலேயே வளர்த்துவிடலாம். 195 செ.மீ. பெண்ணை வளர்க்க முடியாது, பிறக்க வேண்டும். பாயின்ட் கார்டின் முடிவெடுக்கும் வேகமோ, ஆயிரக்கணக்கான கடினமான ஆட்டங்களை ஆடினால்தான் வரும்; அத்தனை கடினமான ஆட்டங்கள் எல்லா நாட்டு லீக்கிலும் கிடைப்பதில்லை.

பெய்ஜிங்கில் என்ன ஆயிற்று

அரையிறுதியில் ரஷ்யாவும் அமெரிக்காவும் மோதின. அமெரிக்கா 67–52. ஹாமன் எடுத்தது 3 புள்ளிகள்.

இது தற்செயல் இல்லை. ஒற்றை இடத்து ஆட்டக்காரரை நம்பும் அணிகளுக்கு நேரும் கோளாறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை:

1. சேர்ந்து ஆடிய நேரம் குறைவு. கோடையில் ஹாமன் சான் அன்டோனியோவில் ஆடிக்கொண்டிருந்தார். ஒலிம்பிக் இடைவெளியில் வந்து சேர்ந்து, மற்ற பதினொருவரும் ஆண்டுக்கணக்கில் ஆடிப் பழகிய திட்டங்களை அவசரமாக மனப்பாடம் செய்ய வேண்டும். பாயின்ட் கார்டு என்றால் தன் ஓட்டத்தை மட்டும் தெரிந்தால் போதாது. ஐந்து பேரின் ஓட்டமும் தெரிந்திருக்க வேண்டும்.

2. எதிரணிக்கு அவரை அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும். அமெரிக்கக் கார்டுகள் ஒவ்வொரு கோடையும் அவருக்கு எதிரே நின்றவர்கள். எந்தப் பக்கம் திரும்புவார், எங்கிருந்து எறிவார் என்பதைக் காணொளி பார்த்துக் கற்க வேண்டிய தேவையே இல்லை.

3. மாற்று ஆள் கிடையாது. ஒற்றை இடத்து ஆட்டக்காரர் அடைபட்டால் அவருக்குப் பதில் அதே தரத்தில் இன்னொருவரை இறக்க விதி அனுமதிக்காது. காயம் பட்டாலும் அதே கதிதான்.

இரண்டாவது காரணம் இல்லாத இடத்தில் ஹாமன் எப்படி ஆடினார் என்பதை வெண்கலப் போட்டி காட்டுகிறது. போட்டி நடத்தும் சீனாவை, அவர்கள் மண்ணிலேயே, ரஷ்யா 94–81 என்று வென்றது. ஹாமன் 22 புள்ளிகள். 2012 லண்டனிலும் ரஷ்யாவுக்கு ஆடினார். அரையிறுதியில் பிரான்ஸிடமும் வெண்கலப் போட்டியில் ஆஸ்திரேலியாவிடமும் தோற்று ரஷ்யா நான்காம் இடம் பெற்றது.

ஒரே வீட்டில் மூன்று பதில்கள்

ஹாமனுக்குத் திறந்த கதவு மற்றவர்களுக்கு எப்படி மூடும் என்பதற்கு ஒகுமிகே சகோதரிகளைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. பெற்றோர் நைஜீரியர்கள், பிள்ளைகள் டெக்சாஸில் வளர்ந்தவர்கள். மூத்தவர் நெக்கா ஒகுமிகே 2016இல் டபிள்யூ.என்.பி.ஏ.வின் மிகச் சிறந்த வீராங்கனை. அமெரிக்காவுக்காக 2014, 2018 உலகக் கோப்பைகளை வென்றவர். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்கான அமெரிக்க அணியில், முழங்கால் காயத்தைக் காரணம் காட்டி, அவர் சேர்க்கப்படவில்லை. அப்பா அம்மாவின் நாடான நைஜீரியாவுக்கு ஆட விண்ணப்பித்தார்.

நெக்காவுக்கு ஃபிபா மறுத்தது: அமெரிக்க அணியோடு நீண்ட கால ஈடுபாடு. நைஜீரியாவுக்கு ஆட விரும்பிய இன்னொரு டபிள்யூ.என்.பி.ஏ. ஆட்டக்காரர் எலிசபெத் வில்லியம்ஸுக்கும் அதே பதில். தங்கை சினே ஒகுமிகேவுக்கு அனுமதி கிடைத்தது, ஆனால் ஒற்றை இடத்தில்தான். இன்னொரு தங்கை எரிக்கா நைஜீரிய அணியில் டோக்கியோவுக்கே போனார். நெக்கா விளையாட்டு நடுவர் மன்றத்துக்கு மேல்முறையீடு செய்தும் போட்டிக்கு முன் இடைக்கால நிவாரணம் கிடைக்கவில்லை. நைஜீரியாவின் முதல் ஆட்டமே அமெரிக்காவுடன். 81–72 என்று அமெரிக்கா வென்றது.

பூர்வீகத் தொடர்பு உள்ள நெக்காவுக்கு மறுப்பு, தொடர்பே இல்லாத ஹாமனுக்கு அனுமதி. கேட்டால் அநியாயமாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் ஃபிபா பார்ப்பது வேரை அல்ல, ஆடிய வரலாற்றை. பலமான நாடு ஒருவரை ஓரிரு முறை களமிறக்கிவிட்டு, அடுத்த முறை கழற்றிவிட்டாலும், அவர் அந்த நாட்டுக்கே கட்டுப்பட்டவர். பலவீனமான நாடுகளுக்கு இதனால் நேரும் இழப்பு பெரிது.

ஹங்கேரியின் தம்பதி, போஸ்னியாவின் சென்டர்

சிகாகோ ஸ்கைக்காக 2021 டபிள்யூ.என்.பி.ஏ. கோப்பையைச் சேர்ந்து வென்ற கோர்ட்னி வாண்டர்ஸ்லூட்டும் ஆலி குவிக்லியும் மணவாழ்வில் இணைந்தவர்கள். இருவரும் ஹங்கேரியக் குடியுரிமை பெற்றவர்கள். இருவருமே ஒற்றை இடத்துக்கு உரியவர்கள் என்பதால் ஒரே அதிகாரப்பூர்வப் போட்டியில் ஹங்கேரிக்காகச் சேர்ந்து ஆட முடியாது. கிளப்பில் பல ஆண்டு ஒன்றாக ஆடியவர்களுக்குத் தேசிய அணியில் ஒரே நாற்காலி.

பகாமாஸில் பிறந்த ஜோன்குவெல் ஜோன்ஸ் இன்னொரு வகை. பகாமாஸ் பாஸ்போர்ட்டோடு ஐரோப்பிய கிளப் போட்டிக்குப் போனால் அவர் ஐரோப்பியர் அல்லாதவர். போஸ்னியா ஹெர்சகோவினாவின் குடியுரிமை கிடைத்ததும் ஐரோப்பியர். பதிலுக்கு போஸ்னியாவுக்கு ஒரு உலகத்தர சென்டர் கிடைத்தார். 2021 யூரோபாஸ்கெட்டில் அந்தச் சிறிய நாடு ஐந்தாம் இடம் பிடித்தது. கிளப் கணக்கும் தேசிய அணிக் கணக்கும் ஒரே பாஸ்போர்ட்டில் சந்திப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இந்தியா இதைச் செய்யலாமா

ஃபிபா விதி இந்தியாவுக்கும் ஒற்றை இடம் தருகிறது. தடுப்பது உள்நாட்டுச் சட்டம். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமையைத் தானாக விரும்பிப் பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை குடியுரிமை அல்ல, கிட்டத்தட்ட ஆயுட்கால விசா. 2008 இறுதியில் மத்திய விளையாட்டு அமைச்சகம், இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களே இந்திய அணியில் ஆடலாம் என்று கொள்கை வகுத்தது. அந்த ஆண்டில்தான் ரஷ்யா ஹாமனுக்கு வழி திறந்தது.

விளைவு: அமெரிக்கக் கல்லூரியில் ஆடும் இந்திய வம்சாவளிப் பெண் இந்தியாவுக்கு ஆட வேண்டுமானால் அமெரிக்கப் பாஸ்போர்ட்டை விட வேண்டும். கல்லூரி உதவித்தொகை, வேலை, குடும்பம் எல்லாம் அங்கே இருக்கும்போது அதை யார் விடுவார்? கால்பந்தில் இசுமி அராத்தா ஜப்பானியக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியாவுக்கு ஆடினார்; அப்படிப்பட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பணம் திசை மாறும்போது

ஹாமனின் பாதை உருவானது அமெரிக்காவில் சம்பளம் குறைவாகவும் ரஷ்யாவில் அதிகமாகவும் இருந்த காலத்தில். இரு பக்கமும் இன்று மாறிவிட்டன. டபிள்யூ.என்.பி.ஏ.வின் 2020 ஒப்பந்தம் உச்சபட்சச் சம்பளத்தை 2,15,000 டாலராக உயர்த்தியது. அதே ஒப்பந்தத்தில் ஒரு கடிவாளமும் இருந்தது: 2023 முதல், ஐரோப்பாவிலிருந்து தாமதமாக வந்தால் அபராதம், 2024 முதல், பயிற்சி முகாம் தொடங்குவதற்குள் வராவிட்டால் அந்தப் பருவமே ஆட முடியாது. முதல் ஓரிரு ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு.

ரஷ்யக் கதவு பெருமளவு சாத்திக்கொண்டது. எகடெரின்பர்க் கிளப்பின் அமெரிக்க ஆட்டக்காரர் பிரிட்னி கிரைனர் 2022 பிப்ரவரி 17 அன்று மாஸ்கோ ஷெரெமெத்யெவோ விமான நிலையத்தில் கைதானார். 9 ஆண்டு தண்டனை. டிசம்பர் 8 அன்று கைதிப் பரிமாற்றத்தில் விடுதலை. உக்ரைன் போரையொட்டி 2022 மார்ச்சில் ஃபிபா ரஷ்ய அணிகளைத் தன் போட்டிகளிலிருந்து விலக்கியது. 2025 ஜனவரியில் மயாமியில் தொடங்கிய மூவர் அணி லீக்கான அன்ரைவல்டு, குளிர்காலத்திலும் அமெரிக்காவிலேயே சம்பாதிக்க வழி செய்தது. நிறுவியவர்கள் பிரியன்னா ஸ்டூவர்ட், நபீசா கோலியர் என்ற இரண்டு ஆட்டக்காரர்கள்.

இதனால் ஒற்றை இடத்துக்கு வரும் ஆட்களின் தரமும் வகையும் மாறும் என்று நினைக்கிறேன். லீக்கின் முன்னணிப் பத்து இருபது பேர் இனி ஐரோப்பியப் பாஸ்போர்ட்டுக்காக அலையத் தேவையில்லை. வரப்போகிறவர்கள், 12 பேர் கொண்ட டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளில் நிலையான இடம் கிடைக்காமல் துருக்கியிலோ இத்தாலியிலோ முழு நேரமாக ஆடும் அமெரிக்கர்கள். அவர்கள் அந்த நாட்டு லீக்கில் பல பருவங்கள் ஆடியவர்களாக இருப்பார்கள். மொழியும் ஓரளவு தெரிந்திருக்கும். கோடை முகாமுக்கு முதல் நாளே வந்து நிற்பார்கள். 2008 கோடையில் ரஷ்யப் பயிற்சியாளருக்குக் கிடைக்காமல் போன அந்த முகாம் நாட்கள், போலந்து, செக் போன்ற நாடுகளின் பயிற்சியாளர்களுக்கு இனி கிடைக்கும்.